வாடகையும் சரக்குந்தும்: கொத்தவால் சாவடி முதல் கோயம்பேடு வரை

முன்னுரை

நகரத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுப்பவர் நான்கு சுவர்களுக்காக மட்டும் பணம் தருவதில்லை. கடையின் முன்னுள்ள தெரு, அத்தெருவிற்கு வரும் வாடிக்கையாளர், வாயிலருகே சரக்கு வந்திறங்கும் வசதி ஆகியவற்றின் மதிப்பும் அவ்வாடகையுள் அடங்கியிருக்கின்றது. ஆயினும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் இருவரே. ஒருவர் உடைமையாளர், மற்றவர் வணிகர். சென்னையில் லாரி என்றும் மலேசியாவில் லோரி என்றும் வழங்கும் சரக்குந்து எங்கே நிற்கும், எத்துணை நேரம் நிற்கும், அது நிற்கும் வேளையில் வழி இழப்போர் யாவர் என்பன பற்றி அவ்வொப்பந்தம் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை.

வணிக இடங்களின் வாடகைக்கும் சரக்குப் போக்குவரத்து நெரிசலுக்கும் உள்ள இவ்வுறவைச் சென்னை மாநகரின் மொத்த வணிகச் சந்தையை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்தியவியல் துறைகளில் நகரம் என்பது கோயில், சாதி, மொழி, இலக்கியம் ஆகியவற்றின் வழியே மிகுதியாகப் பயிலப்படுகின்றது. சந்தையின் வாடகைக் கணக்கு அப்பயிற்சியில் இடம்பெறுவது அரிது. ஆனால் ஒரு நகரில் யார் எங்கே இருப்பர், யார் வெளியேறுவர் என்பதைப் பல வேளைகளில் அக்கணக்கே தீர்மானிக்கின்றது.

கிடங்கு என்னும் சொல்

சரக்கைச் சேர்த்து வைக்கும் இடத்தைத் தமிழில் கிடங்கு, கிட்டங்கி என வழங்குகின்றோம். மலாய் மொழியின் 'கூடாங்' என்னும் சொல் தென்னிந்திய மொழிகளிலிருந்து சென்றது என்பதும், ஆங்கிலத்தின் 'கோடவுன்' அம்மலாய்ச் சொல்லின் வழி வந்தது என்பதும் சொல்லாய்வாளர் பலர் ஏற்கும் கருத்துகளாகும். சென்னை ஜார்ஜ் டவுனில் துணி மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற கோடவுன் தெரு இன்றும் உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்த சொல் வேற்றுருக் கொண்டு மீண்டும் தமிழ்நாட்டுத் தெருவொன்றின் பெயராகியுள்ளது.

சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த செட்டியார் கிட்டங்கிகள் இச்சொல்லின் மற்றொரு பொருளைக் காட்டுகின்றன. அங்கே ஒரே கூடத்தில் பல வட்டித்தொழில் நிறுவனங்கள் இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு சாய்மேசை, ஒரு பெட்டகம், ஒரு பாய் வைக்கும் பரப்பு ஒரு நிறுவனத்திற்குப் போதுமானதாயிற்று. பணம் மட்டும் கைமாறும் தொழிலுக்கு அவ்வளவு இடமே வேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கைமாறும் தொழிலுக்கோ கடையின் பரப்பைக் காட்டிலும் கடைக்கு வெளியே உள்ள பரப்பு மிகுதியாக வேண்டும். இவ்வேறுபாட்டினை மனத்திற் கொண்டால் மொத்த வணிகச் சந்தையின் சிக்கல் எளிதில் விளங்கும்.

கொத்தவால் சாவடியின் வாடகைக் கட்டமைப்பு

ஆங்கிலேயர் காலத்தில் கறுப்பர் நகரம் எனப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றம் பெற்ற பகுதியில் கொத்தவால் சாவடி அமைந்துள்ளது. நகரக் காவல் அதிகாரியைக் குறிக்கும் கொத்தவால் என்னும் சொல்லும், தங்குமிடத்தையும் அலுவலகத்தையும் குறிக்கும் சாவடி என்னும் சொல்லும் இணைந்து அப்பெயர் உருவாயிற்று. மாநகருக்கு வேண்டிய காய்கறியும் கனியும் நெடுங்காலம் இங்கிருந்தே பிரிந்து சென்றன. சந்தை அமைந்த இடம் ஆரிய வைசியர் சமூகத்தின் கன்னிகா பரமேசுவரி தேவஸ்தான அறநிலையத்தின் உடைமையாகும். ஆகவே, அங்கே கடை வாடகை என்பது தனியொருவரின் வருவாயாக மட்டும் இராமல் ஓர் அறநிலையத்தின் வருவாயாகவும் இருந்தது.

இப்பகுதியின் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் தலைச்சுமைக்கும் ஏற்ற அகலம் கொண்டவை. 20ஆம் நூற்றாண்டில் சரக்குந்துகள் பெருகியபோது தெருக்களை அகலப்படுத்த இடமில்லை. நாசிக்கிலிருந்து வெங்காயமும், கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளியும், நீலகிரியிலிருந்து மலைக்காய்கறியும் ஏற்றிவந்த வண்டிகள் பெருஞ்சாலைகளில் நிற்க, சுமைத் தொழிலாளர் மூட்டைகளைத் தலையிலும் கைவண்டியிலும் மீன்பாடி வண்டியிலும் ஏற்றி மண்டிகளுக்குக் கொண்டு சேர்த்தனர். தெருவே இறக்குமிடம், நடைபாதையே கிடங்கு என்னும் நிலை உருவாயிற்று.

வணிகர்கள் அவ்விடத்தை விட்டு ஏன் பெயரவில்லை என்னும் வினா இங்கு எழுகின்றது. வாங்குவோரும் விற்போரும் ஒரே இடத்தில் கூடுவதால் விலை தெரிகின்றது, கடன் கிடைக்கின்றது, விற்காத சரக்கை அண்டைக் கடைக்குத் தள்ளிவிட முடிகின்றது. தனியாகப் பெயரும் வணிகர் இவை அனைத்தையும் இழக்கின்றார். இது முதற் காரணம்.

சட்டம் இரண்டாவது காரணமாகும். 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு)ச் சட்டம் குடியிருப்புகளுக்கு மட்டுமன்றி வணிகக் கட்டடங்களுக்கும் பொருந்தியது. நியாய வாடகை என்னும் வரையறையையும், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக மட்டுமே வாடகைதாரரை வெளியேற்றலாம் என்னும் பாதுகாப்பையும் அது அளித்தது. சமய, அற நிறுவனங்களின் கட்டடங்களுக்கு 1976ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று விலக்களித்தது. எனினும் ஜார்ஜ் டவுனின் தனியார் கட்டடங்கள் பலவற்றில் பழைய வாடகைதாரர்கள் சந்தை மதிப்பிலும் மிகக் குறைந்த வாடகையில் நிலைத்திருக்க இச்சட்டம் துணைநின்றது. கடை கைமாறும்போது 'குட்வில்' என்னும் பெயரில் தரப்படும் தொகையே இடத்தின் உண்மை மதிப்பைக் காட்டியது. அத்தொகை பெரும்பாலும் வெளியேறும் வணிகரைச் சேர்ந்தது.

இதன் விளைவைப் போக்குவரத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். வாடகை உயராத கட்டடத்தை இடித்து, முற்றமும் இறக்குமேடையும் அமைத்துத் திரும்பக் கட்டுவதற்கு உடைமையாளருக்கு ஊக்கமில்லை. குறைந்த வாடகையை விட்டுச் செல்ல வணிகருக்கும் மனமில்லை. இருவருக்கும் தேவையான இறக்குமிடத்தைத் தெரு இலவசமாக அளித்தது. அதன் விலையை வழிப்போக்கரும் தெருவாசிகளும் செலுத்தினர். வாடகைக் கட்டுப்பாடு தீது என்பது இதன் பொருளன்று. சிறு வணிகர் பலர் நகரின் நடுவே வாழ்ந்ததற்கு அதுவே காரணம். ஆனால், கட்டடத்தின் உட்புறத்தை ஒழுங்குபடுத்திய சட்டம் அதன் வாயிலில் நிற்கும் வண்டியைக் காணவில்லை.

1996: சட்டத்தால் நிகழ்ந்த இடமாற்றம்

சென்னைப் பெருநகருக்கான முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் வகுக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனின் நெரிசலைக் குறைக்க மொத்த வணிகத்தை வெளியே கொண்டுசெல்லுதல் அக்கால நகரத் திட்டமிடலின் முதன்மையான எண்ணங்களுள் ஒன்றாக இருந்தது. காய்கறி, கனி, மலர் ஆகியவற்றுக்குக் கோயம்பேடு, இரும்பு எஃகு வணிகத்திற்குச் சாத்தங்காடு, சரக்குந்து முனையத்திற்கு மாதவரம் எனச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தனித்தனி இடங்களை உருவாக்கியது.

இடம் உருவானது மட்டும் போதவில்லை. முன்னர்ச் சொன்ன காரணங்களால் வணிகர் தாமாகப் பெயரத் தயங்கினர். எனவே, 1996ஆம் ஆண்டில் தமிழ்நாடு குறிப்பிட்ட பண்டச் சந்தைகள் (அமைவிட ஒழுங்குமுறை)ச் சட்டம் இயற்றப்பட்டது. அறிவிக்கப்பட்ட சந்தைக்கு வெளியே குறிப்பிட்ட பண்டங்களின் மொத்த வணிகம் நடைபெறலாகாது என்பதே இதன் சாரம். அதே ஆண்டில் கோயம்பேடு மொத்த வணிக வளாகம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பில் 1,000க்கும் மேற்பட்ட மொத்த வணிகக் கடைகளும் ஏறத்தாழ 2,000 சில்லறைக் கடைகளும் அங்கே அமைந்தன.

வாடகை நோக்கில் இம்மாற்றத்தின் தன்மையை மூன்று நிலைகளில் விளக்கலாம். முதலாவது, கடைகள் வணிகருக்கு ஒதுக்கீடு செய்து விற்கப்பட்டன. வாடகைதாரராக இருந்தவர் உடைமையாளரானார். நாளடைவில் ஒதுக்கீடு பெற்றவர் ஒருவர், வாடகைக்கு எடுத்துக் கடை நடத்துபவர் மற்றொருவர் என்னும் பிரிவு இங்கும் தோன்றியது. இரண்டாவது, சரக்குந்து நிற்பதற்கான முற்றமும் சாலையும் சந்தையின் உறுப்பாகவே வடிவமைக்கப்பட்டன. மூன்றாவது, நுழைவாயிலில் வண்டிகளிடம் கட்டணம் பெறப்பட்டது. கொத்தவால் சாவடியில் தெருவைப் பயன்படுத்தியதற்கு ஒன்றும் செலுத்தாத சரக்குந்து, கோயம்பேட்டில் தான் நிற்கும் இடத்திற்கு விலை தரத் தொடங்கியது. சந்தையின் வரலாற்றில் இது சிறு செய்தியன்று.

ஆயினும் இழப்புகளும் இருந்தன. கடை ஒதுக்கீடு என்பது கடைக்காரரை அலகாகக் கொண்டது. கைவண்டி இழுப்பவர், சுமை தூக்குபவர், கூடையில் காய் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர் ஆகியோர் எந்த ஒப்பந்தத்திலும் பெயரில்லாதவர்கள். வடசென்னையில் வாழ்ந்து நடந்தே சந்தைக்குச் சென்றவருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு புதிய செலவாயிற்று. மலர் வணிகருள் ஒரு சாரார் பூக்கடைப் பகுதியின் பத்ரியன் தெருவை விட்டுப் பெயராமல் பல ஆண்டுகள் தொடர்ந்தமையும், அச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றமையும் இடத்தோடு வணிகம் கொண்ட பிணைப்பைக் காட்டுகின்றன.

விளிம்பு மையமானது

கோயம்பேடு தெரிவு செய்யப்பட்டபோது அது நகரின் மேற்கு விளிம்பு. பூந்தமல்லி நெடுஞ்சாலையும் உள்வட்டச் சாலையும் அங்கே சந்திப்பதால் பெங்களூரிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் வண்டிகள் நகரின் நடுப்பகுதியைத் தொடாமலேயே சந்தையை அடையலாம். இத்தெரிவு அக்காலத்திற்குப் பொருத்தமானதே.

ஆனால், சாலை வசதி மிக்க இடத்தைச் சந்தை மட்டும் விரும்புவதில்லை. 2002ஆம் ஆண்டில் பாரிமுனைப் பகுதியிலிருந்த புறநகர்ப் பேருந்து நிலையம் கோயம்பேட்டிற்கு வந்தது. 2015ஆம் ஆண்டில் சென்னை மெட்ரோ இரயிலின் முதற்பகுதி ஆலந்தூருக்கும் கோயம்பேட்டிற்கும் இடையே ஓடத் தொடங்கியது. சுற்றிலும் குடியிருப்புகளும் விடுதிகளும் அலுவலகங்களும் பெருகின. நிலத்தின் மதிப்பு உயர்ந்தது, வாடகை உயர்ந்தது. நெரிசலிலிருந்து தப்ப விளிம்பிற்குச் சென்ற சரக்குந்து, 20 ஆண்டுகளுக்குள் மீண்டும் நகரின் நடுவே நின்றது. பின்னர்ப் பேருந்துகளுக்கு மாதவரத்தில் 2018ஆம் ஆண்டிலும் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரிலும் புதிய நிலையங்கள் திறக்கப்பட்டன. சந்தையையும் மேலும் மேற்கே பெயர்க்கலாம் என்னும் பேச்சு அவ்வப்போது எழுந்துள்ளது.

இங்கே ஒரு பொதுவிதியைக் காணலாம். சரக்குந்து வரத்தக்க சாலை வசதியே இடத்தின் மதிப்பை உயர்த்துகின்றது. மதிப்பு உயர்ந்த பின்னர் அதிக வாடகை தரவல்ல பிற தொழில்கள் அங்கே வருகின்றன. வந்தவர்களுக்குச் சரக்குந்து இடையூறாகத் தோன்றுகின்றது. ஆகவே, சந்தையைப் பெயர்த்தல் நெரிசலுக்கு நிலையான தீர்வாவதில்லை. ஒரு தலைமுறைக் கால அவகாசத்தை மட்டுமே அது தருகின்றது.

2020ஆம் ஆண்டின் பாடம்

கொவிட் பெருந்தொற்றின்போது கோயம்பேடு வளாகம் நோய்ப் பரவலின் மையங்களுள் ஒன்றாக மாறியதால், 2020 மே 5ஆம் நாள் மூடப்பட்டது. சில நாள்களுக்குள் காய்கறி மொத்த வணிகம் திருமழிசையில் தற்காலிகமாகத் தொடங்கியது. கனி வணிகம் மாதவரத்திற்குச் சென்றது. செப்டம்பர் மாதத்திலிருந்து கோயம்பேடு படிப்படியாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மொத்த வணிகச் சந்தையை ஒட்டிய செலாயாங் வட்டாரத்திலும் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததை மலேசிய வாசகர் நினைவுகூர்வர். சரக்கும் வண்டியும் மனிதரும் ஓரிடத்தில் குவியும் அமைப்பின் வலுவும் நலிவும் ஈரிடத்தும் ஒன்றே.

நம் ஆய்வுக்கு இந்நிகழ்வு ஒரு சோதனைச் சாலையாக அமைந்தது. கோயம்பேட்டில் கடையை உடைமையாகக் கொண்டவருக்கு அங்கே கட்டடம் இருந்தது, வணிகம் இல்லை. திருமழிசையில் மழையில் சேறாகும் திறந்தவெளியில் தற்காலிகக் கொட்டகை இருந்தது, வணிகம் நடந்தது. சரக்குந்து சென்ற இடத்திற்கே சந்தை சென்றது. அதே வேளையில், பெருந்தொற்று தணிந்ததும் வணிகர் தம் கடைகளுக்குத் திரும்பினர். உடைமையும் அதனோடு இணைந்த கடன் உறவுகளும் அவர்களைத் திரும்ப இழுத்தன. வாடகையும் சரக்குந்தும் ஒன்றையொன்று சார்ந்தே மதிப்புப் பெறுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

சிங்கப்பூரோடு ஓர் ஒப்பீடு

சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி 1977 முதல் 1987 வரை நடைபெற்றபோது, ஆற்றில் சரக்கேற்றிய தொங்கான்கள் 1983ஆம் ஆண்டில் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. காய்கறி, கனி மொத்த வணிகத்திற்கும் பாசிர் பாஞ்சாங்கில் மையம் அமைந்தது. ஆற்றோரக் கிடங்குகள் காலப்போக்கில் உணவகங்களாயின. கொத்தவால் சாவடியின் கதையோடு இது ஒத்துள்ளது போலத் தோன்றினும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. சிங்கப்பூரில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் சாலையை ஆள்வதும் ஒரே அரசின் இரு கைகள். எனவே, கட்டடத்திற்கு ஒப்புதல் வழங்கும்போதே சரக்கேற்றி இறக்கும் இடம் இத்துணை வேண்டும் என்னும் விதி செயற்படுகின்றது. கனரக வாகனத்திற்கு நிறுத்துமிடம் உண்டு என்னும் சான்றிதழ் இன்றி அதன் சாலை வரியைப் புதுப்பிக்க இயலாது.

இம்முறையை அப்படியே சென்னைக்குப் பெயர்த்தல் இயலாது. அங்கே உடைமை பலரிடம் சிதறியுள்ளது. அறநிலையங்கள், தனியார், அரசு எனப் பலதிறப்பட்டது. ஆனால் சிங்கப்பூர் விதிகளின் உட்கருத்து எங்கும் பொருந்தும். வண்டி நிற்கும் இடம் கட்டடத்தின் ஒரு பகுதி என்பதே அக்கருத்து.

சமநிலைக்கான வழி

சரக்குந்தைப் பகலில் தடைசெய்தல் பல நகரங்கள் கையாளும் எளிய முறை. அதன் விளைவுகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகலில் தடுக்கப்படும் சரக்கு சிறு வண்டிகளில் வருகின்றது. 10 டன் ஏற்றும் ஒரு சரக்குந்தின் சுமையை, மக்கள் 'குட்டி யானை' என அழைக்கும் 750 கிலோ சுமக்கும் சிறு வண்டியில் கொண்டுவர 14 நடைகள் வேண்டும். பெரிய வண்டி மறைந்த தெருவில் சிறிய வண்டிகள் நிறைகின்றன. பெரிய வண்டியின் ஓட்டுநரோ நகர எல்லையில் இரவுக்காகக் காத்துக்கிடக்கின்றார். தடை வேண்டாம் என்பதன்று. தடை மட்டும் போதாது என்பதே கருத்து.

புதிய சாலை அமைத்தல் மற்றொரு வழி. அதற்கு ஆகும் காலம் நெடிது. சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் மேம்பாலச் சாலைக்கு 2009ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2012ஆம் ஆண்டில் பணி நின்றது. திட்டம் மாற்றியமைக்கப்பட்டு 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு சாலை இரு அடிக்கற்களைக் காணும் காலத்திற்குள், 11 மாதங்களுக்கு எழுதப்படும் கடை வாடகை ஒப்பந்தம் பத்து முறைக்கு மேல் புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

இவ்வொப்பந்தமே நம் கவனத்திற்குரியது. 1960ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்திற்கு மாற்றாக 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தங்கள் எழுத்துவடிவில் அமைந்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு பெறவேண்டும் எனக் கூறுகின்றது. முன்னர் இருவரின் தனிப்பேச்சாக இருந்தது இன்று பொதுப்பதிவாகின்றது. அரசின் உடைமைகள் போன்றவை இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பினும், தனியார் வணிகக் கட்டடங்களைப் பொறுத்தவரை இது ஒரு நல்வாய்ப்பு. சரக்கு இறங்கும் இடம் எது, நேரம் எது, எவ்வளவு எடையுள்ள வண்டி வரலாம், சுமைத் தொழிலாளர் இளைப்பாறும் இடமும் குடிநீரும் யார் பொறுப்பு என்னும் நான்கு கூறுகளை அப்பதிவில் சேர்த்தல் கடினமன்று. தன் முற்றத்தில் இறக்குமிடம் தரும் உடைமையாளர் கூடுதல் வாடகை பெறுதலும், தெருவைப் பயன்படுத்தும் கடை அதற்குரிய கட்டணத்தை மாநகராட்சிக்குச் செலுத்துதலும் முறையாகும்.

நேரத்தைப் பகுத்தல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. பகற்சந்தையை நாளங்காடி என்றும் மாலைச் சந்தையை அல்லங்காடி என்றும் பழந்தமிழ் நூல்கள் பிரித்துரைப்பதை ஆசிரியர் பலரும் வகுப்பறையில் விளக்கியிருப்பர். அப்பகுப்பு சரக்கு வண்டிக்காக எழுந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், ஒரே இடத்தை வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு பயனுக்கு ஒதுக்கலாம் என்னும் நகர அறிவு அதில் உண்டு. நள்ளிரவில் வண்டிகள் வந்து விடியலில் விற்பனை நடக்கும் கோயம்பேடு அவ்வறிவின் இக்கால வடிவமேயாகும்.

முடிவுரை

கொத்தவால் சாவடியில் வாடகை பேசப்பட்டது, சரக்குந்து பேசப்படவில்லை. கோயம்பேட்டில் சரக்குந்துக்கு இடம் வகுக்கப்பட்டது; உயரப்போகும் நிலமதிப்பு எண்ணப்படவில்லை. இரண்டையும் ஒரே கணக்காகக் கொள்ளாதவரை மூன்றாவது இடமாற்றமும் முதலிரண்டின் வழியிலேயே செல்லும். ஒவ்வோர் இடமாற்றத்திலும் கடையுடையோர் ஒதுக்கீடு பெறுவர். கைவண்டியுடையோர் தொலைவைப் பெறுவர்.

வாடகை என்பது அண்மையின் விலை. அந்த அண்மையால் பயன்பெறுவோர் இருவர் எனின், அதன் சுமையைத் தாங்குவோர் தெருவில் உள்ள அனைவரும் ஆவர். ஒப்பந்தத் தாளில் அவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்படும்போதே நகரின் வணிகமும் வழியும் ஒன்றையொன்று நெருக்காமல் வாழ இயலும்.